அமெரிக்க நோயாளிக்கு இரட்டைப் பூட்டு, நம்மூர் நோயாளிக்கு வாட்ஸ்அப்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. அவற்றிலும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியமான கடமைகள் பதினெட்டு மாத அவகாசத்துக்குப் பிறகே, அதாவது 2027-ன் நடுவில்தான், நடைமுறைக்கு வரும். நம்முடைய ரத்தப் பரிசோதனை முடிவும், நம் வீட்டுப் பெண்களின் பிரசவக் குறிப்பும், ஊரில் யாரிடமும் சொல்லாமல் மனச்சோர்வுக்கு வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையின் பெயரும் யாருடைய கையில் இருக்கின்றன என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் கிடைக்காது. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் பொறியாளர்களில் ஒருவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு என்னால் இயன்ற பதிலைச் சொல்ல முற்படுகிறேன்.

இந்த உத்தியோகத்தைப் பற்றி வெளியில் நிலவும் அபிப்பிராயம் பெரும்பாலும் தவறானது. டாக்டரும் நர்ஸும் உயிரைக் காப்பவர்கள், மென்பொருள்காரன் பில் போடும் யந்திரத்தைப் பழுது பார்ப்பவன் என்றே ஜனங்கள் நினைக்கிறார்கள். மருந்தின் பெயரையும், அளவையும், கொடுக்க வேண்டிய நேரத்தையும் நர்ஸுக்குச் சொல்வது இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டரின் கையெழுத்து அன்று, திரையில் தெரியும் ஒரு வரி என்பதையும், அந்த வரி எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானித்தவன் அந்த வார்டைக் கண்ணாலும் பார்த்திராத ஓர் இளைஞனாக இருக்கக்கூடும் என்பதையும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரே ஊர், இரண்டு நீதி

சென்னையில் இத்தொழிலுக்கு இரண்டு சந்தைகள் உண்டு. ஒன்று அமெரிக்கா; அந்நாட்டு மருத்துவமனைகளின் பில், இன்சூரன்ஸ் கோரிக்கை, நோயாளிக் குறிப்பு ஆகியவற்றுக்கான மென்பொருள் வேலையில் ஒரு பகுதி பழைய மகாபலிபுரம் சாலையிலும் அம்பத்தூரிலும் நடக்கிறது. மற்றொன்று உள்ளூர் ஆஸ்பத்திரிகளும் பரிசோதனைக் கூடங்களும். இரண்டிலும் வேலை பார்த்தவனுக்கு முதலில் கண்ணில் படுவது, ஒரே கல்லூரியில் படித்த, ஒரே திறமை வாய்ந்த மனிதர்கள், ஒரு கட்டடத்தில் காட்டும் சிரத்தையை அடுத்த கட்டடத்தில் காட்டுவதில்லை என்பதுதான்.

அமெரிக்க வேலை நடக்கும் தளத்துக்குள் நுழையுமுன் கைபேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சில இடங்களில் பேனாவும் காகிதமும்கூட உள்ளே போகக்கூடாது. கணினியில் பென்டிரைவ் செருகும் துவாரம் அடைக்கப்பட்டிருக்கும். ஒஹையோவிலோ டெக்சஸிலோ இருக்கும், நாம் வாழ்நாளில் சந்திக்கப்போகாத ஒரு மூதாட்டியின் பெயர் நம் திரைக்கு வரும்போது முழுமையாக வராது. அவருடைய குறிப்பை யார், எந்த நிமிஷத்தில் திறந்தார்கள் என்பது எங்கோ பதிவாகிக்கொண்டே இருக்கும். ஆண்டுதோறும் இதற்கென்று ஒரு பயிற்சியும், பயிற்சியின் முடிவில் ஒரு தேர்வும் உண்டு; தேறாவிட்டால் மறுநாள் லாகின் வேலை செய்யாது.

உள்ளூர் வேலைக்கு வாருங்கள். ஓர் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி அச்சாகும்போது கடைசி வரி விடுபட்டுப் போகிறது என்று ஒரு புகார் வந்தது. அதைச் சரிபார்க்க ஒரு மாதிரிக் குறிப்பு அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, அங்கிருந்த கம்ப்யூட்டர் பிரிவு ஊழியர் மிகுந்த பெருந்தன்மையோடு, பல ஆண்டுகளின் நோயாளிக் குறிப்புகள் முழுவதையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பிவைத்தார். பெயர், தொலைபேசி எண், எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு எல்லாம் அதில் இருந்தன. அவரைக் குறை கூறுவதற்கில்லை. செய்யக்கூடாத காரியத்தைச் செய்தோம் என்று உணர்த்தக்கூடிய ஒரு மனிதரோ, விதியோ, தண்டனையோ அவர் வாழ்ந்த உலகத்தில் இருக்கவில்லை. அமெரிக்க வேலை பார்க்கும் பொறியாளரின் தாயாருக்கு ஸ்கேன் எடுத்தால், ஸ்கேன் சென்டரில் இருந்து படமும் அறிக்கையும் யாரோ ஓர் ஊழியரின் சொந்தக் கைபேசியிலிருந்து வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அமெரிக்கர்களின் நற்குணம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். காரணம் ஹிப்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் 1996-ஆம் வருஷத்துச் சட்டமும், 2009-ல் அதற்கு வந்த பலமான திருத்தங்களும். ஆஸ்பத்திரியிடமிருந்து வேலை வாங்கிச் செய்யும் ஒப்பந்தக்காரரும் நேரடியாகப் பொறுப்பாளி என்று அத்திருத்தங்கள் ஆக்கின. ஐந்நூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் குறிப்புகள் கசிந்தால் அந்நாட்டு அரசாங்கமே நிறுவனத்தின் பெயரைத் தன் இணையதளத்தில் வெளியிட்டுவிடும். அவமானமும் அபராதமும் சேர்ந்து கடல் கடந்து வந்து நம்மூர் லாக்கரைப் பூட்டுகின்றன.

அந்தப் பூட்டும் தெய்விகமானதன்று. 2024 பிப்ரவரியில் அமெரிக்க இன்சூரன்ஸ் கோரிக்கைகளின் கணிசமான பகுதி கடந்து செல்லும் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற நிறுவனத்துக்குள் கொள்ளைக்காரர்கள் புகுந்தார்கள்; ஏறக்குறைய 19 கோடிப் பேரின் விவரங்கள் பாதிக்கப்பட்டன; 2 கோடியே 20 லட்சம் டாலர் பணயத்தொகை கொடுக்கப்பட்டது. அவர்கள் நுழைந்த வழி, கைபேசிக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்ப்பது போன்ற இரண்டாவது அடையாளச் சோதனை இல்லாமல் விடப்பட்டிருந்த ஒரே ஒரு வாசல் என்று தாய் நிறுவனத்தின் தலைவரே அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

முப்பத்தெட்டரை மாத்திரை

கசிவு ஓர் அபாயம்தான். ஆனால் இத்தொழிலில் இருப்பவனை இரவில் விழிக்க வைக்கும் பயம் வேறொன்று. 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த சம்பவத்தை, அங்கு பணிபுரியும் பேராசிரியர் ராபர்ட் வாக்டர் 2015-ல் எழுதிய நூலில் விரிவாக விவரித்திருக்கிறார். பதினாறு வயதுப் பையன், எடை 38.6 கிலோ, கொடுக்க வேண்டியது 160 மில்லிகிராம் கொண்ட சாதாரணமான நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை ஒன்று. கொடுக்கப்பட்டது முப்பத்தெட்டரை மாத்திரை.

எப்படி நடந்தது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் மருந்தை ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுப்பது வழக்கம். ஆகவே நாற்பது கிலோவுக்குக் குறைந்த நோயாளிக்கு அளவை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் மென்பொருள் தானாகவே ‘கிலோவுக்கு மில்லிகிராம்’ என்ற அலகைப் போட்டு வைத்திருந்தது. இளம் டாக்டர் மனத்தில் நினைத்தது 160 மில்லிகிராம், தட்டியது 160, யந்திரம் புரிந்துகொண்டது கிலோவுக்கு 160. பெருக்கிப் பார்த்து ஆறாயிரத்துச் சொச்சம் மில்லிகிராம் என்று முடிவு கட்டிவிட்டது.

அபாய எச்சரிக்கை வரத்தான் செய்தது. டாக்டர் அதைத் தள்ளிவிட்டார், மருந்தாளுநரும் தள்ளிவிட்டார், ஏனென்றால் நாள் முழுவதும் அதே நிறத்தில், அதே உருவத்தில் எத்தனையோ எச்சரிக்கைகள் காரணமில்லாமல் வந்துகொண்டிருந்தன. பிறகு மாத்திரைகளை யந்திரக் கை பிழையில்லாமல் எண்ணிக் கட்டியது. நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பார்கோடு ஸ்கேனர் ‘சரி’ என்று சொல்லிவிட்டது. பையனுக்கு வலிப்பு வந்தது; அதிர்ஷ்டவசமாக உயிர் பிழைத்தான்.

இதில் யாரும் சோம்பேறியில்லை, யாரும் அயோக்கியரில்லை. ஒரு கட்டத்தின் பக்கத்தில் எந்த அலகு முதலில் தெரிய வேண்டும் என்று என்றோ ஒரு நாள், எங்கோ ஒரு கூட்டத்தில், நல்ல எண்ணத்தோடு எடுக்கப்பட்ட முடிவே இத்தனைக்கும் வித்து. எங்கள் வேலையின் இயல்பே இதுதான். எச்சரிக்கை போடாமல் விட்டால் ‘ஏன் போடவில்லை’ என்று கேட்பார்கள் என்ற பயத்தால் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2006-ஆம் வருஷக் கட்டுரை ஒன்று, மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்களால் ஒதுக்கப்படுகின்றன என்று சொல்கிறது. ஓயாமல் குரைக்கும் நாயைத் திருடன் வந்த அன்றும் யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

திரையில் ஒட்டிய பாஸ்வேர்டு

நம்மூர் வார்டில் நான் கண்ட காட்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். நர்ஸுகள் உட்காரும் மேசையின் கணினித் திரையின் ஓரத்தில், பிளாஸ்திரியால் ஒட்டிய ஒரு துண்டுத் தாள். அதில் ஒரு டாக்டரின் லாகின் பெயரும் பாஸ்வேர்டும். யாரும் ஐந்து நிமிஷம் தொடாமல் இருந்தால் தானாக வெளியேறிவிடும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் ஒரு நோயாளிக்கு டிரிப்ஸ் மாற்றி, அடுத்தவருக்கு ஊசி போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றி வருவதற்குள் ஐந்து நிமிஷம் ஆகிவிடுகிறது. ஓர் இரவுக்குள் எத்தனை தடவை பாஸ்வேர்டைத் தட்டுவாள் ஒரு பெண்? ஆகவே வார்டு முழுவதும் ஒரே லாகினில் ஓடுகிறது.

விளைவு என்ன? விடியற்காலை மூன்று மணிக்கு இன்சுலின் கொடுத்ததாகப் பதிவேட்டில் பெயர் வரும் டாக்டர், அந்நேரம் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு ஒரு வழக்கென்று வந்தால், கொடுத்த நர்ஸுக்கும் நியாயம் கிடைக்காது, கொடுக்காத டாக்டருக்கும் கிடைக்காது, நோயாளியை இழந்த குடும்பத்துக்கும் உண்மை தெரியாது. அந்த நர்ஸுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதால் பிரயோஜனமில்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் தொட்டால் திறந்துகொள்ளும் ஏற்பாடு பழைய விஷயம், பெரிய செலவும் பிடிக்காது. கேட்டு வாங்குபவர்தான் இல்லை.

கிராமத்திலோ சிரமம் இன்னொரு வகை. கர்ப்பிணிகளின் விவரத்தைக் கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டிலும் எழுதி, பிக்மி என்ற அரசாங்க மென்பொருளிலும் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதில் கிடைக்கும் எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கடினம். நெட்வொர்க் கிடைக்காத இடத்தில் அந்தப் பெண்மணியின் மாலைப்பொழுது எப்படிக் கழிகிறது என்பதை அவர் வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

இனிஷியல் படும் பாடு

அயல்நாட்டு அச்சில் வார்த்த மென்பொருள்கள் நோயாளிக்கு முதற்பெயர் ஒன்றும் குடும்பப் பெயர் ஒன்றும் இருந்தே தீரும் என்று நம்புகின்றன. தமிழனுக்கு இருப்பது பெயரும் இனிஷியலும். ஓ.பி. சீட்டு போடுமிடத்தில் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது, மு. செல்வி என்பவர் ஒரு முறை செல்வி மு. என்றும், மறுமுறை தந்தையின் பெயரோடு செல்வி முருகேசன் என்றும், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் பெயரோடும் பதிவாகிறார். பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் அனைவரும் ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்களாகிறார்கள். ஒரே மனுஷிக்கு மூன்று குறிப்புகள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கை அவற்றில் ஒன்றில் மட்டும் இருக்கும்.

2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் பதினான்கு இலக்க ஆபா எண் இதைத் தீர்க்கும் என்கிறார்கள். ஓரளவு தீர்க்கலாம். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஓ.பி. டோக்கன் வாங்கும் வசதியால் வரிசை குறைந்திருப்பதும் உண்மை. ஆனால் தவறாகப் பதிவான மூன்று குறிப்புகளையும் ஓர் எண்ணின் கீழ்க் கட்டிவிட்டால் மட்டும் அவை உண்மையாகிவிடுவதில்லை. எந்த மருந்து ஆகாது, எந்த அறுவை நடந்தது என்று உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும் மனிதர் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் தேவை. அப்பிரிவை நம் ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் அடித்தளத்தில், லிஃப்டுக்குப் பின்புறம் வைத்திருக்கின்றன.

சட்டம் கொடுத்ததும் எடுத்ததும்

2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸில் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை கையால் சீட்டு எழுதியது. உள்வலை முறையாகப் பிரித்து அமைக்கப்படாததே காரணம் என்று அரசாங்கம் நாடாளுமன்றத்தில் கூறியது. அதன் பிறகு வந்த புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சாதாரண வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011-ஆம் வருஷத்து விதிகள் மருத்துவக் குறிப்பை உணர்திறன் மிக்க தகவல் என்று தனியாகப் பெயர் சொல்லி வைத்திருந்தன. புதிய சட்டத்தில் அந்தத் தனி மரியாதை இல்லை, உங்கள் புற்றுநோய் அறிக்கையும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் ஒரே வகை. அலட்சியத்தால் நஷ்டம் விளைத்த நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற பழைய பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. அபராதத் தொகை முழுவதும் அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். எச்.ஐ.வி. முடிவு வெளியாகி வேலை இழந்தவருக்கு, 250 கோடியில் ஒரு காசும் வராது.

செய்யத்தக்கவை

வழி தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்ட பிறகு, அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் மருந்தின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, வெளி ஆய்வகத்தில் சோதித்துத் தேறினால்தான் பயன்பாட்டுக்கு விடுவது என்ற முறை வந்து, பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் போகும் அளவுக்குப் புகழ் பெற்றது. மென்பொருளுக்கும் அதே முறையைக் கொண்டுவரலாம். டெண்டரில் குறைந்த விலையை மட்டும் பார்க்காமல், கற்பனை நோயாளிகள் நூறு பேரை மென்பொருளில் ஏற்றி, தவறான அலகு, பத்து மடங்கு அளவு, ஒரே பெயர் கொண்ட இருவர் என்று வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தி, எத்தனையைப் பிடிக்கிறது, எத்தனை வீண் எச்சரிக்கை போடுகிறது என்று வெளியாரைக் கொண்டு பரிசோதித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு விற்பவர்களும் அந்தத் தேர்வு முடிவைத் தாமே காட்டத் தொடங்குவார்கள். வியாபாரம் அப்படித்தான் நடக்கும்.

மருந்தால் நேரும் தீங்கைத் தெரிவிக்க 2010-லும், மருத்துவக் கருவியால் நேரும் தீங்கைத் தெரிவிக்க 2015-லும் தொடங்கிய தேசியத் திட்டங்கள் இப்போது காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையத்தின் பொறுப்பில் உள்ளன. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் பயன்படும் மென்பொருளையும் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் 2020-லேயே அரசு கொண்டுவந்துவிட்டது. ஆயினும் வார்டில் மருந்தைப் பதிவு செய்யும் சாதாரண மென்பொருளின் தவறை அங்கே யாரேனும் தெரிவித்து நான் கண்டதில்லை. அந்தப் படிவத்தில் மென்பொருளுக்கென்று ஓரிடம் வேண்டும். தெரிவிக்கும் நர்ஸின் பெயர் அவர் நிர்வாகத்துக்குப் போகாது என்ற உறுதியும் வேண்டும். ஓரிடத்தில் மயிரிழையில் தப்பிய பிழை, மறுவாரமே எல்லா நிறுவனப் பொறியாளர்களுக்கும் தெரிந்துவிட வேண்டும்.

உண்மையான நோயாளியின் குறிப்பை வைத்து மென்பொருளைச் சோதிக்கும் பழக்கத்தை ஒப்பந்தத்திலேயே தடை செய்யலாம். சோதனைக்கான போலிக் குறிப்புகளைத் தயாரித்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் எளிய காரியம். இழப்பீட்டு உரிமையைச் சட்டத்தில் மீண்டும் சேர்க்க நம் எம்.பி.க்கள் முயல வேண்டும். நோயாளியின் பங்குக்கும் ஒன்று உண்டு: டிஸ்சார்ஜ் ஆகும்போது பெயர், வயது, ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகிய மூன்றும் குறிப்பில் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள், அறிக்கையை ஊழியரின் சொந்தக் கைபேசியிலிருந்து அனுப்ப வேண்டாமென்று கேளுங்கள்.

நிறுவனங்களுக்கு நான் சொல்ல விரும்புவது, புதிதாகச் சேரும் ஒவ்வொரு பொறியாளரையும் முதல் மாதத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியின் இரவு ஷிஃப்டுக்கு அனுப்பி, நர்ஸுக்குப் பின்னால் வாய் திறக்காமல் நின்று பார்க்கச் செய்யுங்கள் என்பது. அரசாங்கத்துக்குச் சொல்ல விரும்புவது, 2027-க்குள் எழுதப்படப்போகும் மென்பொருள் டெண்டர் நிபந்தனைகளை வகுக்கும் குழுவில், டீன்களுக்கும் கணினி நிபுணர்களுக்கும் நடுவில், வார்டில் வேலை பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கும், ஓ.பி. சீட்டு போடும் ஓர் ஊழியருக்கும், ஒரு கிராம சுகாதார செவிலியருக்கும் ஓட்டுரிமையோடு கூடிய இடம் கொடுங்கள் என்பது.